வாயைப் பூட்டுவதும் வாய்க்குக் காவல் வைப்பதும் ஒன்றா?

சகோதரி, உங்கள் கேள்வியை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தக் குழுவில் உள்ள ஓர் அக்கா, தன் மகளின் கல்யாணம் நிச்சயமாகி அப்புறம் நின்றுபோனதை உங்களிடம் அழுதுகொண்டே சொன்னார். நீங்கள் அதை வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபக்குறிப்பாகப் போட்டீர்கள். பெயர் போடவில்லை, ஆனாலும் யாரென்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அக்கா இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. "உனக்கு வாய்தான் எமன், இனிமேல் எதுவும் பேசாதே" என்று வீட்டில் சொன்னார்கள். லெந்து என்னும் நோன்புக் காலம் தொடங்கியதிலிருந்து நீங்களும் ஏறக்குறைய ஊமை மாதிரியே இருக்கிறீர்கள். வேதம் சொல்லும் நாவடக்கம் இதுதானா என்பது உங்கள் கேள்வி.

இது இல்லை. நீங்கள் பேசாமல் இருப்பதால் அந்த அக்காவின் மனசு ஒரு துளிகூட ஆறியிருக்காது. உங்களிடமிருந்து அவருக்கு வர வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. மற்ற பேச்சோடு சேர்த்து அதையும் நீங்கள் பூட்டி வைத்துவிட்டீர்கள்.

நாவடக்கம் என்றதும் எல்லோரும் யாக்கோபு 3-ஐத்தான் எடுப்பார்கள். குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் கொஞ்ச நெருப்பு என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வருவதுதான். எனக்கு 39-ஆம் சங்கீதம் இன்னும் நெருக்கமானது. உங்கள் நிலைமை அதில் அப்படியே இருக்கிறது. முதல் வசனத்தில் தாவீது, "என் நாவினால் பாவஞ்செய்யாதபடிக்கு நான் என் வழிகளைக் காத்து" வாயைக் கடிவாளத்தால் அடக்கிவைப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறார். அடுத்த வசனத்தில் என்ன ஆகிறது? "நான் மவுனமாகி, ஊமையனாயிருந்தேன், நலமானதையும் பேசாமல் அமர்ந்திருந்தேன், ஆனாலும் என் துக்கம் அதிகரித்தது." அந்த 'நலமானதையும்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். கெட்டதை நிறுத்தப் போனவர் நல்லதையும் சேர்த்து நிறுத்திவிட்டார். துக்கம் குறையவில்லை, உள்ளே அனல் மூண்டது. அதற்கப்புறம்தான் வாய் திறக்கிறது. அதுவும் மனிதரிடம் இல்லை, கர்த்தரிடம்.

எகிப்து வனாந்தரத்தில் நான்காம் நூற்றாண்டில் பாம்போ என்று ஒரு துறவி இருந்தார். எழுத்தறிவில்லாதவர். சங்கீதம் கற்றுக்கொள்ள ஒருவரிடம் போனார். இந்த 39-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும், "இது போதும், இதைக் கைக்கொண்டு பார்க்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார். ஆறு மாதம் ஆளைக் காணோம். சொல்லிக்கொடுத்தவர் பார்த்து ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அந்த ஒரு வசனத்தையே இன்னும் கற்று முடிக்கவில்லை என்றாராம். பல வருஷம் கழித்து வேறொருவர் கேட்டபோது, 19 வருஷத்தில் ஏதோ கொஞ்சம் கைவந்திருக்கிறது என்று பதில் சொன்னார். நாற்பது நாள் லெந்து விரதத்தில் நாக்கு அடங்கவில்லையே என்று மனம் உடைகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் பாம்போ நின்ற இடத்தில் சங்கீதம் நிற்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்வேன்.

வேதபாட வகுப்பு எடுத்து எடுத்து எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் அது போய்ச் சேர வேண்டிய ஒரு வாசல் இருக்கிறது. நாவினால் நாம் செய்கிற பாவத்தில் பெரும்பங்கு, அந்த வாசலைத் தாண்டிப்போய் வேறு வாசலில் இறக்கி வைப்பதுதான். அக்காவின் துக்கம் உங்கள் வாசலுக்கு வந்தது. அங்கிருந்து அது தேவனுடைய வாசலுக்குப் போயிருக்க வேண்டும். குரூப்புக்குப் போய்விட்டது. இப்போது உங்கள் மன்னிப்பு அக்காவின் வாசலுக்குப் போக வேண்டும். அதுவோ உங்கள் தொண்டையிலேயே நிற்கிறது.

இந்த ஜெபக்குறிப்பு விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் புறணி வெள்ளை உடுத்திக்கொண்டு வரும் வழி அதுதான். தெருமுனையில் நின்று ஒரு வீட்டுக் கதையைப் பேசினால் அது புறணி என்று நமக்கே தெரியும், கொஞ்சம் கூச்சமும் இருக்கும். அதே கதையை "ரொம்ப பாரமா இருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கினால் கூச்சம் போய்விடுகிறது. கேட்கிறவர்களும் "அப்படியா, என்ன ஆச்சு?" என்று பாரத்தோடு கேட்பார்கள். ஜெபம் இரண்டு நிமிஷம், விவரம் இருபது நிமிஷம். உங்கள்மேல் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. உங்கள் எண்ணம் நல்லதுதான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் கர்த்தருக்கு விவரம் தேவையா? "உங்கள் பிதாவை நோக்கி நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்" என்று மத்தேயு 6:8-ல் இருக்கிறதே. "ஒரு குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, அவர்களுக்காக ஜெபியுங்கள்" என்றால் ஜெபத்துக்கு அது தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு வரியும் நாம் ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொள்வது. யாராவது தன் கதையை நம்மிடம் சொன்னால், "இதை ஜெபக்குழுவில் சொல்லலாமா, வேண்டாமா?" என்று அந்த நிமிஷமே கேட்டுவிடுவது நல்ல பழக்கம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக் கூடாது. "புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துவான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்கிறது நீதிமொழிகள் 11:13.

இங்கே ஒரு வாதம் வரும். "நான் பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்?" நீங்களும் உங்கள் கேள்வியில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2477-ஆம் பத்தி இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவர்மேல் குற்றம் இருப்பதாக மனசுக்குள் நம்பிவிடுவது ஒன்று. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல், ஒருவருடைய குறையை, அது உண்மையாகவே இருந்தாலும், தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்வது. அதையும் அவர்கள் பாவம் என்றே கணக்கிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் குறை என்றுகூட ஒன்றுமில்லை, ஒரு பெண்ணின் வேதனைதான் இருந்தது. நாம் சீர்திருத்தச் சபைக்காரர்கள், அவர்கள் ஏடு நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், நமக்கு ஒன்பதாவது, அவர்களுக்கும் லுத்தரன்காரர்களுக்கும் எட்டாவது. மார்ட்டின் லூதர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அந்தக் கற்பனைக்கு விளக்கம் சொல்லும்போது, பொய் பேசாதே என்பதோடு நிறுத்தவில்லை. அயலானுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்ததை நல்ல அர்த்தத்திலேயே எடுத்துச் சொல் என்று முடிக்கிறார்.

வேதத்தின் மூலச்சொற்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் எனக்கு இரண்டு சொற்களைக் காட்டினார். அதிலிருந்து நான் அந்த வசனங்களைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. முதலாவது எபேசியர் 4:29. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்." கெட்ட வார்த்தை என்றால் நாம் வசவு என்று நினைத்துக்கொள்கிறோம். கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'சாப்ரோஸ்', அழுகின, ஆகாத என்று அர்த்தம். வலையில் விழுந்த மீன்களில் ஆகாதவைகளை எறிந்துபோடுவார்கள் என்று இயேசு சொல்லும் உவமையில் மத்தேயு 13:48-ல் வருவதும் இதே சொல்தான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மதுரையில் மீன் வாங்குகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கரிமேட்டில் என் அம்மா மீன் வாங்கும்போது கூடப் போயிருக்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பார், அமுங்கிய இடம் திரும்ப எழ வேண்டும். பிடித்தபோது நல்ல மீனாகத்தான் இருந்திருக்கும், கைமாறிக் கைமாறி வரும் வழியில் கெட்டுப்போயிருக்கும். வார்த்தையும் அப்படித்தான். அக்கா உங்களிடம் சொன்னபோது அது ஒரு தாயின் அழுகை. குரூப்பில் நாற்பது பேர் கையில் போனபோது என்னவாயிற்று என்று பாருங்கள்.

இரண்டாவது சொல் இன்னும் கிட்டத்தில் வருகிறது. "மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும் குறித்து" கணக்கொப்புவிக்க வேண்டும் என்று மத்தேயு 12:36 சொல்கிறது. அந்த 'வீணான' என்பதற்குக் கிரேக்கத்தில் 'ஆர்கோஸ்'. வேலை செய்யாத என்று பொருள். திராட்சத்தோட்டத்து உவமையில், கடைத்தெருவிலே "சும்மா நிற்கிற" ஆட்கள் என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் இடத்திலும் அதே சொல்தான். சும்மா! நாம் மாட்டிக்கொண்டதும் முதலில் சொல்வது என்ன? "சும்மாதான் சொன்னேன்." "சும்மா பேச்சுக்குச் சொன்னேன்." நாம் எதைச் சாக்காகச் சொல்கிறோமோ, அதற்குத்தான் அங்கே கணக்குக் கேட்கிறார்கள். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சாக்கை வாயில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. நாவடக்கத்தைப் பற்றிய பிரசங்கம் எப்போதும் பெண்களைப் பார்த்தே ஏன் செய்யப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிசாசு என்று நாம் சொல்லும் 'தியாபொலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அவதூறு செய்கிறவன் என்று பொருள். 1 தீமோத்தேயு 3:11-ல் பெண்கள் "அவதூறுபண்ணாதவர்களும்" இருக்க வேண்டும் என்னும் இடத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது, அதை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் 2 தீமோத்தேயு 3:3-ல் கடைசிநாட்களின் மனுஷரைப் பொதுவாகச் சொல்லும்போதும் அதே சொல் வருகிறது. சபைக் கமிட்டிகளில், தேர்தல் சமயங்களில், ஆண்கள் வாயிலிருந்து நான் கேட்டதற்கு முன்னால் உங்கள் ஜெபக்குழு எவ்வளவோ மேல். அதில் நானும் ஒருவன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்காரர்களுக்கு நக்கல் என்பது தாய்ப்பாலோடு வருவது. ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாமல் ஒரு டீ குடிக்க முடியாது. அதில் ஒரு பிரியம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பவுல் எபேசியர் 5:4-ல், "வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்" என்கிறார். அந்தப் 'பரியாசம்' கிரேக்கத்தில் 'யூத்ரபேலியா'. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டும் வரும் சொல். இதில் வியப்பு என்னவென்றால், பவுலுக்கு முன்னூறு நானூறு வருஷம் முந்தின அரிஸ்டாட்டில் இதே சொல்லை ஒரு நற்குணத்தின் பெயராக வைத்திருந்தார். கோமாளித்தனமும் இல்லாமல் சிடுமூஞ்சித்தனமும் இல்லாமல் நயமாகப் பேசுகிற குணம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் அந்தப் பக்கமே நின்று, சிரிப்பும் மனசுக்கு ஓய்வு தருவதால் அதற்கும் ஒரு நல்லொழுக்கம் உண்டு என்று எழுதினார். ஆகவே கிறிஸ்தவன் சிரிக்கக் கூடாது என்பதில்லை. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: யாரைச் சொல்லிச் சிரிக்கிறோமோ அவரால் திருப்பிச் சொல்ல முடியுமா?

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை. ஒரு வருஷம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்து, காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், சேவல் என்று எல்லாம் நல்ல விலைக்குப் போயிருந்தது. எண்ணிப் பார்த்தால் 1,200 ரூபாய் குறைகிறது. மேஜையைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள் பதினோரு பேர். கோயில் வேலை பார்க்கும் பெரியவர், பணப்பையைக் கொண்டுவந்து வைத்தவர், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, "சேவல் பறந்தாக்கூட பரவாயில்லண்ணே, சேவல் வித்த காசும்ல பறந்துபோச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுவாரம் ரசீதுப் புத்தகத்தின் இடுக்கிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. ஏலம் எடுத்த இரண்டு பேர், அடுத்த ஞாயிறு பணம் தருவதாகச் சொன்னதைக் குறித்து வைத்த சீட்டு. கணக்கு நேரானது. நானும் மறந்துவிட்டேன்.

மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகளை எடுத்துக்கொண்டு நேரே வெஸ்ட்ரி என்கிற கோயில் அறைக்குள் போகிறவர், இப்போது போவதில்லை. நிலைப்படிக்கு வெளியே நிற்கிறார். இரண்டு கையிலும் பைகளை நெஞ்சுக்கு நேராக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, கமிட்டியிலிருந்து யாராவது ஒருவர் வந்து கூட நுழையும்வரை காத்திருக்கிறார். மழைத் தூறலிலும் அப்படியே நின்றார். நான் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு சிரிப்பு மட்டும்தான். அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், நான் சம்பளத்தை நிர்ணயிக்கும் மேஜையில் இருந்தவன். திருப்பிச் சொல்ல அவருக்கு வழியே இல்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். "அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன் சார்" என்றார். அடுத்த ஞாயிறும் வாசலில்தான் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பதினோரு பேர் முன்னால் சொன்னதை ஒருவரிடம் தனியாகத் திரும்பப் பெற முடியாது. அடுத்த கமிட்டியில், அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, நான் எழுந்து நின்று சொன்ன வார்த்தையைச் சொல்லி, அது தவறு என்று சொன்னேன். சிரித்தவர்களில் இரண்டு பேரும் எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கப்புறமும் ரொம்ப நாள் அவர் நிலைப்படியில் நின்றுவிட்டுத்தான் நுழைவார். ஓய்வு பெறும்வரை முழுசாக மாறவில்லை.

சரி, வாசல் என்று சொன்னேனே, அதற்கு வேதத்தில் நேரடியான வழி மத்தேயு 18:15. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." இதை நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊரிடம், அப்புறம் ஆயரிடம், கடைசியில்தான் அவரிடம், அதுவும் யாரோ சொல்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த வசனத்தின்மேல் முழுசாக ஒரு பிரசங்கமே எழுதினார். 1752-ல் அவரும் அவருடைய ஊழியக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரைப் பற்றிய கெட்ட செய்தியைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை, கேட்க நேர்ந்தாலும் சட்டென்று நம்புவதில்லை, சீக்கிரமாகச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிடுவது, அதற்கு முன்னால் வேறு யாரிடமும் ஒரு எழுத்துகூடப் பேசுவதில்லை. ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் பொன்ஹோபர் என்ற ஆயர் நடத்திய ஃபின்கன்வால்டே இறையியல் பள்ளியிலும் இப்படி ஒரு விதி இருந்தது. கூட இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, தவறிப் பேசிவிட்டால் போய் அவனிடமே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. மனிதர் தவறுவார்கள் என்று தெரிந்து வைத்த விதி அது.

ஆனால் இதே நாவடக்கத்தைச் சொல்லி வாயடைக்கப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை எழுதாமல் விட மனசு வரவில்லை. வீட்டில் அடி வாங்குகிற பெண் வந்து சொன்னால், "பொறுத்துக்கோம்மா, வெளிய சொன்னா சாட்சி கெட்டுப்போகும்" என்பார்கள். பணக் கணக்கைக் கேட்டவரை, "ஐயா மேல நாவைப் போடாதீங்க" என்று உட்கார வைப்பார்கள். லேவியராகமம் 19:16-ஐ எடுத்துப் பாருங்கள். "உன் ஜனங்களுக்குள்ளே அங்குமிங்கும் கோள்சொல்லித் திரியாயாக, பிறனுடைய இரத்தப்பழிக்கு உட்படவேண்டாம்." ஒரே மூச்சில் இரண்டும் இருக்கிறது: கோள் சொல்லாதே, ஒருவன் அழியும்போது வாய்மூடி நின்று அந்தப் பழியில் பங்காளியாகாதே. இயேசு தம்மேல் குற்றம் சாட்டினவர்களுக்கு முன்பாக மவுனமாயிருந்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று அவர் கேட்டதை யோவான் 18:23 எழுதி வைத்திருக்கிறது. வசவு இல்லை, சாபம் இல்லை, ஆனால் கேள்வி இருக்கிறது.

மத்தேயு 18-ஐக் காட்டி, பாதிக்கப்பட்ட பெண்ணையோ பிள்ளையையோ அந்த ஆளிடம் தனியாகப் போய்ப் பேசு என்று சொல்வது வேதத்தை ஆயுதமாக்குவது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதன் 19-ஆம் பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது, ஆயரையும் சேர்த்துத்தான். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய வாசல் அதுதான். "திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று நீதிமொழிகள் 31:8 கட்டளையாகவே சொல்கிறது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் நாவடக்கத்தில் சேர்ந்ததுதான். அதற்கு நம்ம ஊர் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1606-ல் இயேசு சபைக் குருவான ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தபோது, கிறிஸ்தவ மார்க்கத்துக்கு இங்கே 'பரங்கி மார்க்கம்' என்று பெயர். அந்தச் சொல் இங்குள்ளவர்கள் காதில் எவ்வளவு இழிவாக விழுகிறது என்பதை அவர் கவனித்தார். அந்தப் பெயரை விட்டார், தமிழைக் கற்றார், இங்குள்ளவர்கள் காதுக்கு ஏற்ற சொற்களைத் தேடினார். சாதி வழக்கத்துக்கு அவர் இடங்கொடுத்தது சரியில்லை என்பதே என் எண்ணம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஒரு சொல் கேட்கிறவர் காதில் எப்படி விழும் என்று பேசுவதற்கு முன் யோசித்த ஆள் அவர். நான் சேவலைப் பற்றிச் சொன்னபோது அதைத்தான் யோசிக்கவில்லை.

இனி உங்கள் காரியம். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், நேரில் போங்கள். யாரையும் துணைக்கு அழைக்காதீர்கள், ஆயரம்மாவைக்கூட. "ஜெபத்துக்காகத்தான் போட்டேன்" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த வரி உங்களுக்காகப் பேசுகிறது, அவருக்காக அல்ல. "நீங்க என்னை நம்பிச் சொன்னதை நான் உங்ககிட்ட கேட்காம வெளிய சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான் அக்கா." இவ்வளவு போதும். அப்புறம் அவர் பேசட்டும், திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். யோபின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். உங்கள் மவுன விரதத்துக்கு வேலை அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது.

குரூப்பில் எதையாவது எழுதுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் சம்மதித்தால், பெயரோ விவரமோ இல்லாமல், "நான் அனுமதி இல்லாமல் ஒரு குடும்பத்தின் காரியத்தை இங்கே போட்டது தவறு, யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்" என்று இரண்டு வரி. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மறுபடி கிளறுவது சில நேரம் முதல் தவறைவிடப் பெரிதாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் கேள்வி முழுக்க அந்த அக்காவைப் பற்றியே இருக்கிறது. ஆனால் அந்தக் கதை அவருடைய மகளுடையது. நிச்சயம் நின்றது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான். அவளை ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று அக்காவிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த மாதம் ஒரு தடவை கேளுங்கள். பார்க்க வந்தாள் என்றால், அக்காவிடம் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். கல்யாணத்தைப் பற்றி அவளாக எடுக்காத வரைக்கும் நீங்கள் எடுக்காதீர்கள்.